ரோமானியர்கள் எப்படிப் பெருக்கினார்கள்?

ரோமன் எண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கண்டிப்பாக இதைக் கேட்பார்: பூஜ்ஜியம் கிடையாது, இடமதிப்பு கிடையாது, அப்புறம் 47-ஐயும் 68-ஐயும் அந்த எழுத்துகளில் எழுதிவைத்துக்கொண்டு எப்படித்தான் பெருக்கினார்கள்? கேட்கிற குரலில் கொஞ்சம் பரிதாபமும் இருக்கும். அவ்வளவு பெரிய சாம்ராஜ்யம், நாடு நாடாகச் சாலை போட்டவர்கள், மலையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள், பாவம், ஒரு பெருக்கல் கணக்கு வராமல் திண்டாடினார்களோ என்று.

திண்டாடவில்லை. அந்த எழுத்துகளை வைத்து அவர்கள் பெருக்கவே இல்லை, அவ்வளவுதான். பெருக்கியது பலகைமேல், கூழாங்கற்களை நகர்த்தி. விடை வந்த பிறகு அதைக் குறித்துவைக்க மட்டும்தான் எழுத்து தேவைப்பட்டது. நமக்கு இது விசித்திரமாகப் படுகிறது, ஏனென்றால் நாம் எந்தக் குறிகளால் எண்ணை எழுதுகிறோமோ அதே குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கணக்கும் போட்டுவிடுகிறோம். ஆனால் மனிதர்கள் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து மிகச் சமீபகாலம் வரைக்கும் எண்ணை எழுதுவது ஒரு வேலை, கணக்குப் போடுவது இன்னொரு வேலை, இரண்டுக்கும் கருவி வேறு, பல நேரம் ஆளும் வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு எண்களின் வரலாற்றைப் பார்த்தால், "பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்தார்கள், உலகமே மாறிவிட்டது" என்கிற வழக்கமான கதையில் நிறைய ஓட்டைகள் தெரியும்.

முதலில் கீறல். 1950-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் டி ஹைன்ஸ்லின் என்ற புவியியலாளர், காங்கோவில் இஷாங்கோ என்ற இடத்தில் ஒரு சின்ன எலும்புத் துண்டைக் கண்டெடுத்தார். ஒரு முனையில் குவார்ட்ஸ் கல் சில்லு பதித்திருக்கிறது, உடம்பு முழுக்க மூன்று வரிசையாகக் கீறல்கள், அதுவும் கொத்துக் கொத்தாக. வயது சுமார் 20,000 ஆண்டுகள். ஒரு வரிசையில் உள்ள கொத்துகள் 11, 13, 17, 19. இவை நான்கும் பகா எண்கள் என்பதால் அந்தக் காலத்திலேயே பகா எண் தெரிந்திருந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பகா எண் என்ற எண்ணம் வரவேண்டுமென்றால் அதற்கு முன்னால் வகுத்தல் என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும், ஒரு எலும்பில் நான்கு கொத்துக் கீறலைப் பார்த்து அவ்வளவு தூரம் போக முடியாது. எதையோ எண்ணியிருக்கிறார்கள் என்பது வரைக்கும் சரி.

கீறலில் ஒரு சங்கடம் இருக்கிறது, அது கையில் இல்லை, கண்ணில். மூன்று கோடுகளை நாம் எண்ணுவதில்லை, பார்த்த உடனே மூன்று என்று தெரிந்துவிடும். நான்கு வரை பெரும்பாலும் தாங்கும். ஏழு கோடுகள் வரிசையாக இருந்தால் விரல் வைத்து எண்ணித்தான் ஆகவேண்டும். உலகம் முழுக்க எண்களை எழுதியவர்கள் எல்லாரும் இந்த நான்கில்தான் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ரோமில் ஐந்துக்கு ஒரு புதுக் குறி. மத்திய அமெரிக்காவின் மாயர்கள் நான்கு வரை புள்ளி வைத்துவிட்டு ஐந்துக்கு ஒரு கோடு இழுத்தார்கள். சீனத்தில் ஒன்று, இரண்டு, மூன்று வரை கிடைக்கோடுகள், நான்குக்கும் ஒருகாலத்தில் நான்கு கோடுகள்தான், பிறகு அதை விட்டுவிட்டு வேறு வடிவத்துக்குப் போய்விட்டார்கள். இந்தியாவின் பழைய எழுத்தான பிராமியிலும் முதல் மூன்றும் கிடைக்கோடுகளே, நான்கு வந்ததும் சிலுவை மாதிரி ஒரு குறி. இன்று உலகமே எழுதுகிற 2, 3 என்ற வடிவங்கள் அந்த இரண்டு கோடும் மூன்று கோடும்தான், வேகமாக எழுதும்போது பேனா தூக்காமல் இழுத்ததில் ஒட்டிக்கொண்டவை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் உள்ளே கோடுகள் தெரியும்.

பேச்சில் எண்ணுவது கைவிரலில் தொடங்கியது என்பதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை, பத்து பத்தாக எண்ணும் மொழிகள் இத்தனை இருப்பதே சாட்சி. கால்விரலையும் சேர்த்துக்கொண்டவர்கள் இருபது இருபதாக எண்ணினார்கள். பிரெஞ்சில் இன்றும் தொண்ணூறு என்பது "நான்கு-இருபது-பத்து". பப்புவா நியூ கினியில் ஒக்சாப்மின் மக்கள் ஒரு கையின் கட்டைவிரலில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை, தோள், காது, கண் என்று ஏறி, மூக்கில் 14-ஐத் தொட்டு, மறுபக்கமாக இறங்கி இன்னொரு கையின் சுண்டுவிரலில் 27-ல் முடிப்பார்கள். அங்கே எண்ணின் பெயரே உறுப்பின் பெயர்தான். தமிழில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் அடுத்த படியின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்பதையும் கவனித்திருப்பீர்கள்: பத்து வருமுன்பே பது, நூறு வருமுன்பே நூறு, ஆயிரம் வருமுன்பே ஆயிரம். எண்ணுப்பெயர்களை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

சரி, எழுத்துக்கு வருவோம். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மெசபடோமியாவின், அதாவது இன்றைய ஈராக் பகுதியின், களிமண்.

கி.மு. 8000 வாக்கிலிருந்து மேற்கு ஆசியா முழுக்கச் சின்னச் சின்னக் களிமண் உருவங்கள் கிடைக்கின்றன: கூம்பு, உருண்டை, தட்டு, உருளை. அகழாய்வு செய்தவர்கள் நெடுங்காலம் இவற்றை விளையாட்டுக் காய் என்றோ தாயத்து என்றோ எழுதி ஒதுக்கிவைத்துவிட்டார்கள். டெனிஸ் ஷ்மான்ட்-பெசெரா என்ற ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இவற்றைப் பொறுக்கியெடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்து, இவை கணக்குக் காய்கள் என்றார். ஒரு வடிவம் ஓர் அளவு தானியம், இன்னொரு வடிவம் ஓர் ஆடு, இப்படி. கொடுக்கல் வாங்கலைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றால் காய்களை ஒரு களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி மேலே முத்திரை குத்திவிடுவார்கள். மூடிய பிறகு உள்ளே எத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உடைக்க வேண்டும், உடைத்தால் பத்திரம் போச்சு. இதற்கு யாரோ ஒரு வழி பார்த்தார்கள்: மூடுவதற்கு முன் அந்தக் காய்களையே உருண்டையின் வெளிப்புறத்தில் அழுத்தித் தடம் பதித்துவிடுவது. உள்ளே ஏழு காய், வெளியே ஏழு தடம்.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். வெளியிலேயே தெரிகிறது என்றால் உள்ளே காய் எதற்கு? உருண்டை எதற்கு? தட்டையான களிமண் வில்லை போதுமே. இந்தக் கதையின் சில கண்ணிகளை மற்ற ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, ஆனால் காயிலிருந்து தடம், தடத்திலிருந்து வில்லை என்ற போக்கு பொதுவாக ஏற்கப்பட்டது. கி.மு. 3300 வாக்கில் உருக் நகரத்தில் வில்லைகள் வந்துவிட்டன, அவற்றில் பெரும்பாலானவை கணக்குகள். எழுத்து என்ற ஒன்றே கணக்கு எழுதுவதற்காகத்தான் அங்கே பிறந்தது. கவிதையும் கடவுளும் பிறகு வந்து சேர்ந்துகொண்டவர்கள்.

அந்த உருக் வில்லைகளில் ஒரு விஷயம் முதலில் படிக்கும்போது எனக்குப் புரியவே இல்லை. ஒரு சின்னக் கூம்புத் தடம், ஒரு வட்டத் தடம் என்று இரண்டு குறிகள். ஆடுகளை எண்ணும்போது பத்துக் கூம்பு சேர்ந்தால் ஒரு வட்டம். தானியத்தை அளக்கும்போது அதே கூம்பு ஆறு சேர்ந்தாலே ஒரு வட்டம். ஒரே குறி, ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் பக்கத்துப் பக்கத்தில் புழக்கத்தில் இருந்தன. அதாவது "ஐந்து" என்று தனியாக ஒன்று அவர்களிடம் இன்னும் முழுதாக இல்லை, ஐந்து ஆடு இருந்தது, ஐந்து அளவு தானியம் இருந்தது. ஆட்டிலிருந்தும் தானியத்திலிருந்தும் அந்த ஐந்தைப் பிரித்தெடுத்து வெறும் ஐந்தாக நிறுத்தியது பூஜ்ஜியத்தைவிடப் பெரிய வேலை என்பது என் கருத்து, ஆனால் அதைச் செய்தவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை, அதனால் அதைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை.

அதே மண்ணில் கி.மு. 2000 வாக்கில் இடமதிப்பு வந்துவிட்டது. நம்முடையது பத்தடிமானம், அவர்களுடையது அறுபது. இரண்டே குறிகள், செங்குத்தான ஆப்பு ஒன்றுக்கு, மூலை மாதிரி இன்னொன்று பத்துக்கு, இவற்றைக் கொண்டு 59 வரை எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். ஒரு மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று நாம் இன்னும் தூக்கிச் சுமப்பது அந்தச் சொத்தைத்தான். இந்த முறையில் அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு வில்லை போதும்: உள்ளங்கைக்குள் அடங்கும் களிமண், அதில் ஒரு சதுரம், மூலைவிட்டம், பக்கத்தில் 1, 24, 51, 10 என்று நான்கு எண்கள். அறுபதடிமானத்தில் வாசித்தால் இரண்டின் வர்க்கமூலம், தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரை சரி. எழுதி மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளாவது ஆகியிருக்கும்.

இவ்வளவு நல்ல கருவியை அவர்கள் எங்கே பயன்படுத்தினார்கள் என்பதுதான் வேடிக்கை. கணக்கு எழுதுகிறவர் நிலத்தின் நீள அகலத்தைப் பழைய பாணி அளவைக் குறிகளில் வாங்கிக்கொள்வார், அதை இடமதிப்பு எண்ணாக மாற்றிக் கணக்குப் போடுவார், விடையை மறுபடியும் பழைய பாணிக்கே மாற்றிப் பதிவேட்டில் எழுதுவார், நடுவில் போட்ட இடமதிப்புக் கணக்கை அழித்துவிடுவார். அது வெறும் கிறுக்கல் தாள் மாதிரி. பதிவுக்கு ஒரு முறை, கணக்குக்கு ஒரு முறை. முதலில் சொன்ன அந்தப் பிரிவினை இங்கே ஒரே ஆளின் ஒரே மேசையில் நடக்கிறது.

இடையில் ஓர் இடம் காலியாக இருந்தால்? முதலில் சும்மா ஓர் இடைவெளி விட்டார்கள், சில நேரம் அதுகூட இல்லை, சூழ்நிலையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். கி.மு. 300 வாக்கில் இரண்டு சாய்ந்த ஆப்புகளை அந்த இடைவெளியில் வைக்க ஆரம்பித்தார்கள். அதாவது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பூஜ்ஜியக் குறி இல்லாமலேயே இடமதிப்பு ஓடியிருக்கிறது, உயர்தரக் கணிதமும் நடந்திருக்கிறது. பூஜ்ஜியம் இல்லாவிட்டால் இடமதிப்பே இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எகிப்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஒன்றுக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு வளைவு, நூறுக்குச் சுருட்டிய கயிறு, ஆயிரத்துக்குத் தாமரை, பத்தாயிரத்துக்கு விரல், லட்சத்துக்குத் தலைப்பிரட்டை, பத்து லட்சத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தெய்வம். சுமார் கி.மு. 3100-ஐச் சேர்ந்த நார்மர் மன்னனின் கதாயுதத் தலையில் 4,00,000 மாடுகள், 14,22,000 ஆடுகள், 1,20,000 கைதிகள் என்று பொறித்திருக்கிறது. ராஜா கணக்கு, அப்படித்தான் இருக்கும். பெருக்குவதற்கு அவர்கள் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள்: 24-ஐ 13-ஆல் பெருக்க 24, 48, 96, 192 என்று எழுதிவிட்டு, 13 என்பது 1, 4, 8 மூன்றும் சேர்ந்தது என்பதால் அவற்றுக்கு நேரான 24, 96, 192-ஐ மட்டும் கூட்டினால் 312. வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லாத முறை.

இப்போது அந்தப் பலகை. கிரேக்கத் தீவான சலாமிஸில் 1846-ல் ஒன்று கிடைத்தது, ஒன்றரை மீட்டர் நீளப் பளிங்குக்கல், மேலே இணைகோடுகள், ஓரங்களில் கிரேக்க எண்குறிகள். எகிப்தியர் கூழாங்கல் கொண்டு கணக்குப் போடும்போது கையை வலமிருந்து இடமாக நகர்த்துவார்கள், கிரேக்கர்கள் இடமிருந்து வலமாக என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் போகிறபோக்கில் எழுதிவைத்திருக்கிறார். அரசவையில் இருப்பவர்கள் பலகைமேல் இருக்கும் காய் மாதிரி, கணக்குப் போடுகிறவர் நினைத்தால் இந்த நிமிடம் ஒரு செப்புக்காசு, அடுத்த நிமிடம் பெரும் செல்வம் என்று இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதினார். இடமதிப்பு என்ற சொல் இல்லாமலேயே இடமதிப்பை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியுமா என்று தெரியவில்லை. லத்தீனில் சின்னக் கூழாங்கல்லுக்குக் கால்குலஸ் என்று பெயர், கால்குலேட்டர் என்ற சொல்லுக்குள் இன்னும் அந்தக் கல் கிடக்கிறது.

முதலில் கேட்ட 47 பெருக்கல் 68-ஐயே போட்டுப் பார்ப்போம். பலகையில் வலமிருந்து ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று கட்டங்கள். நாற்பதும் அறுபதும்: நாலாறு இருபத்து நான்கு, நூறுக் கட்டத்தில் 24 கல். நாற்பதும் எட்டும்: பத்துக் கட்டத்தில் 32. ஏழும் அறுபதும்: அதே பத்துக் கட்டத்தில் இன்னும் 42, ஆக 74. ஏழும் எட்டும்: ஒன்றுக் கட்டத்தில் 56. இனி சுத்தம் செய்வதுதான் பாக்கி. எந்தக் கட்டத்திலும் பத்துக் கல் சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஒரு கல் வைக்க வேண்டும். 56-ல் ஐந்து போய் 6 மிச்சம், பத்துக் கட்டம் 79 ஆகி அதில் ஏழு போய் 9 மிச்சம், நூறுக் கட்டம் 31 ஆகி மூன்று போய் 1 மிச்சம், ஆயிரத்தில் 3. விடை 3196. நிஜப் பலகையில் ஐந்துக்கென்று நடுவில் தனி இடம் இருக்கும், இவ்வளவு கல் குவியாது.

விடையை ரோமன் எழுத்தில் எழுதினால் மூன்று எம், ஒரு சி, ஓர் எல், நான்கு எக்ஸ், ஒரு வி, ஓர் ஐ. பலகையில் எத்தனை கல் எங்கே இருக்கிறதோ அதை அப்படியே பார்த்து எழுதியது. ரோமன் எண்கள் கணக்குப் போட லாயக்கில்லாத எண்கள் என்பது உண்மைதான், ஆனால் அது புகைப்படத்தைப் பார்த்து இது நடக்கமாட்டேன் என்கிறதே என்று குறை சொல்வது போல. (நான்கை ஐந்துக்கு முன்னால் ஒன்று என்று எழுதுவது கட்டாய விதியாக இருந்ததும் இல்லை. ரோமின் கொலோசியத்தில் 44-ஆம் வாசலில் எல் எழுத்துக்கு முன்னால் எக்ஸ் போட்டு நாற்பது எழுதியவர், நான்குக்கு மட்டும் நான்கு கோடுகளையே போட்டிருக்கிறார்.)

பலகையை மட்டமாக நினைக்கிறவர்களுக்கு இன்னொரு சம்பவம். 1946 நவம்பர் 12 அன்று டோக்கியோவில் ஒரு போட்டி வைத்தார்கள், அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஒருவர் மின்சாரக் கால்குலேட்டரோடு, எதிரே கியோஷி மட்சுசாகி ஜப்பானிய மணிச்சட்டத்தோடு. நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் மணிச்சட்டம் ஜெயித்தது.

பலகையில் 203 வைக்க வேண்டும் என்றால் நூறில் இரண்டு கல், ஒன்றில் மூன்று கல், பத்துக் கட்டம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடப்பதுதான் பூஜ்ஜியம். அதற்குக் குறி எதற்கு, பெயர் எதற்கு? சீனர்கள் குச்சிகளை அடுக்கி இதையே செய்தார்கள், பக்கத்துப் பக்கத்து இடங்கள் கலந்துவிடாமல் ஓர் இடத்தில் குச்சிகளை நிறுத்தியும் அடுத்த இடத்தில் படுக்கவைத்தும் வைப்பார்கள், கடனுக்கும் இருப்புக்கும் நிறம் மாற்றுவார்கள், காலி இடத்தைக் காலியாகவே விட்டார்கள். நூல்களில் வட்டப் பூஜ்ஜியம் அங்கே 1247-ல்தான் தெரிகிறது. தென் அமெரிக்காவின் இன்காக்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டு எண்ணைப் பதிந்தார்கள், அதுவும் பத்தடிமான இடமதிப்பு என்பதை 1912-ல் லெலண்ட் லாக் காட்டினார். முடிச்சு இல்லாத இடம்தான் பூஜ்ஜியம். ஒன்றாம் இடத்துக்கு மட்டும் வேறு வகை முடிச்சு என்பதால் எண் எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் முடிச்சுப் போட்ட கயிற்றில் எப்படிக் கூட்டுவது? கூட்டவில்லை, மக்காச்சோள மணிகளை இங்கிருந்து அங்கே நகர்த்திக் கணக்குப் போட்டார்கள் என்று ஸ்பானியப் பாதிரியார் அகோஸ்டா 1590-ல் எழுதியிருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கமும் அதே பிரிவினை.

இந்தியாவிலும் தொடக்கத்தில் வேறு மாதிரி இல்லை. பிராமி எண்களில் பத்துக்கு ஒரு குறி, இருபதுக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி என்று தனித்தனியாக இருந்தன. தமிழ் எண்களும் அந்தப் பழைய வழியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். 2345 என்பது ௨௲௩௱௪௰௫, வாயால் சொல்வதை அப்படியே எழுதுவது. இதில் பூஜ்ஜியத்துக்கு வேலையே இல்லை. கணினிக்கான யூனிகோடில்கூடத் தமிழின் ஒன்றும் பத்தும் நூறும் ஆயிரமும் முதலிலேயே ஏறிவிட்டன, தமிழ்ப் பூஜ்ஜியம் 2005-ல்தான் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் எங்கோ ஏதோ மாறியது. 499-ல் ஆரியபட்டர் ஒவ்வோர் இடமும் முந்தையதைப்போல் பத்து மடங்கு என்று எழுதுகிறார். ஜோதிட நூல்கள் எல்லாம் செய்யுள், செய்யுளில் எண்ணை யாப்புக்கு அடங்கச் சொல்ல வேண்டும், அதனால் எண்களுக்குப் பதிலாகப் பொருள்களைச் சொன்னார்கள்: சந்திரன் என்றால் ஒன்று, கண் என்றால் இரண்டு, நெருப்பு என்றால் மூன்று, வேதம் என்றால் நான்கு. ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி இடமிடமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. பலகையில் காலி இடம் விடலாம், கயிற்றில் விடலாம், களிமண்ணிலும் விடலாம், பாட்டில் எப்படி விடுவது? வாய் மூடி ஒரு நொடி நிற்க முடியாது, யாப்பு கெட்டுவிடும். அந்த வெறுமைக்கும் ஒரு சொல் வேண்டும். ஆகாயம் என்றார்கள், சூனியம் என்றார்கள். பூஜ்ஜியத்துக்குப் பெயரும் மதிப்பும் கிடைத்ததற்குத் தத்துவத்தைவிட யாப்பிலக்கணம் அதிகம் உதவியிருக்கும் என்பது என் ஊகம், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கல்லில் கிடைக்கும் சாட்சிகள் பிந்தியவை. மேகாங் ஆற்றோரம் கம்போடியாவில் சாம்போர் என்ற இடத்துக் கல்வெட்டில் சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683, நடுவில் ஒரு புள்ளியோடு இருக்கிறது. குவாலியரில் 876-ஆம் ஆண்டுக் கோயில் கல்வெட்டில் 270 முழம் என்றும் தினம் 50 மாலை என்றும் நாம் இன்று எழுதுகிற மாதிரியே சின்ன வட்டப் பூஜ்ஜியம். பெஷாவர் பக்கத்தில் 1881-ல் கிடைத்த பக்ஷாலி ஏட்டில் புள்ளிப் பூஜ்ஜியங்கள் நிறைய இருக்கின்றன. 2017-ல் அதன் மூன்று ஏடுகளைக் கார்பன் சோதனை செய்தபோது மூன்றும் மூன்று காலம் காட்டின, ஒன்று மூன்றாம் நான்காம் நூற்றாண்டு, மற்றவை பல நூற்றாண்டு பிந்தியவை. "பூஜ்ஜியத்தின் வயது 500 ஆண்டு கூடிவிட்டது" என்று செய்திகள் பறந்தன. ஒரே கையெழுத்துப் போல இருக்கும் சுவடியில் ஏடுகளுக்கு மூன்று வயது என்றால் சோதனை முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று கணித வரலாற்று ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள், அவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது.

குறி வேறு, எண் வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காலி இடத்தைக் காட்டும் புள்ளி ஒன்று, "ஒன்றுமில்லை" என்பதையே கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கூடிய ஓர் எண்ணாக நடத்துவது வேறொன்று. இரண்டாவதைச் செய்தவர் பிரம்மகுப்தர், ஆண்டு 628. ஓர் எண்ணிலிருந்து அதையே கழித்தால் பூஜ்ஜியம், கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்றெல்லாம் விதி எழுதினார். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்றும் எழுதினார், அது இன்று தவறு, ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

இந்தக் கணக்குகளை எதில் போட்டார்கள்? தூசியில். பலகைமேல் மண்ணைப் பரப்பி விரலாலோ குச்சியாலோ எழுதுவது, இடையில் வரும் எண்களை அழித்துவிட்டு அதே இடத்தில் அடுத்ததை எழுதுவது. சமஸ்கிருதத்தில் கணக்குக்குத் தூளிகர்மம் என்றே ஒரு பெயர் உண்டு. 662-ல் சிரியாவில் செவெரஸ் செபோக்த் என்ற பாதிரியார், கிரேக்கர்கள்தான் எல்லாம் தெரிந்தவர்கள் என்று அலட்டிக்கொள்கிறவர்கள்மேல் எரிச்சலாகி, இந்தியர்கள் ஒன்பது குறிகளில் போடும் கணக்கைப் பாருங்கள் என்று எழுதினார். 825 வாக்கில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இந்த முறையை நூலாக எழுதினார், அரபு மூலம் போய்விட்டது, லத்தீன் மொழிபெயர்ப்பு தங்கியது, அவர் பெயர் திரிந்து அல்காரிதம் ஆனது. ஐரோப்பா "அராபிய எண்கள்" என்று பெயர் வைத்த இவற்றை அரபியில் இந்திய எண்கள் என்றுதான் சொல்லிவந்தார்கள்.

எனக்கு இந்த வரிசையில் முக்கியமானவராகத் தெரிகிறவர் அவ்வளவாகப் பெயர் தெரியாத அல்-உக்லிதிசி. 952 வாக்கில் டமாஸ்கஸில் எழுதியவர். தூசிப் பலகையை விட்டுவிடுங்கள், மையும் காகிதமும் போதும் என்றார், அதற்கு ஏற்றபடி கணக்குப் போடும் முறைகளையே மாற்றியமைத்துக் காட்டினார். காரணமும் சொன்னார்: தூசிப் பலகை கையில் இருந்தால் தெருவில் ஜோசியம் சொல்லிப் பிழைப்பவன் என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்களாம். காரணம் என்னவாக இருந்தாலும், கணக்கு போகிற வழியும் விடையும் ஒரே தாளில் ஒரே குறிகளில் அழியாமல் நிற்பது இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. அதற்குக் காகிதம் வேண்டும், அது கணக்குக்குச் செலவழித்துக் கிழித்துப் போடும் அளவுக்கு மலிவாகவும் வேண்டும். அரபு நகரங்களில் அது அப்போது இருந்தது, ஐரோப்பாவில் இல்லை.

அதனால்தான் ஐரோப்பா இந்த எண்களை முதலில் வாங்கிய விதம் இப்படிச் சிரிப்பாக முடிந்தது. 976-ல் ஸ்பெயினில் ஒரு மடத்துச் சுவடியில் ஒன்பது குறிகளும் இருக்கின்றன, பூஜ்ஜியம் இல்லை. பிற்பாடு போப்பாண்டவரான கெர்பெர்ட் இந்தக் குறிகளைக் காய்களில் பொறித்துப் பலகையில் வைத்தார்: ஏழு கல்லுக்குப் பதில் 7 என்று எழுதிய ஒரு காய். பலகைதான் இருக்கிறதே, காலிக் கட்டம் காலியாகக் கிடக்கும், பூஜ்ஜியம் எதற்கு? புது எண்களை வாங்கிப் பழைய பலகையிலேயே வைத்துவிட்டார்கள்.

1202-ல் பீசா நகரத்து லியோனார்டோ, நாம் ஃபிபோனாச்சி என்று சொல்கிறவர், அப்பாவுக்கு வேலை கிடைத்த வட ஆப்பிரிக்கத் துறைமுகமான புஜியாவில் சின்ன வயதில் கற்றதைப் பெரிய நூலாக எழுதினார். ஒன்பது இந்தியக் குறிகள், கூடவே அரபியில் செஃபிர் என்கிற 0, இவற்றால் எந்த எண்ணையும் எழுதலாம் என்று தொடங்குகிறது. வெற்று என்று பொருள்படும் சிஃப்ர் என்ற அரபுச் சொல் ஒரு பக்கம் ஜீரோ ஆனது, இன்னொரு பக்கம் ரகசிய எழுத்தைக் குறிக்கும் சைபர் ஆனது. 1299-ல் ஃபிளாரன்ஸின் பணமாற்றுக்காரர்கள் சங்கம் கணக்குப் புத்தகத்தில் இந்த எண்கள் கூடாது, தொகையை எழுத்தால் எழுத வேண்டும் என்று விதி போட்டது. 0-வை 6 ஆக்குவதும் 9 ஆக்குவதும் ஒரு சுழிப்பு வேலை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இதைக் கேட்டு மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவர்கள் காசோலையில் தொகையை எழுத்தாலும் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

1503-ல் அச்சான கிரகோர் ரைஷின் ஒரு கலைக்களஞ்சியத்தில் பிரபலமான ஒரு படம் உண்டு. நடுவில் கணித தேவதை, ஒரு பக்கம் ஆறாம் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் போதியஸ் புது எண்களில் கணக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார், மறுபக்கம் பைதகரஸ் பலகைமேல் காய்களை வைத்துக்கொண்டு முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். போதியஸ் அந்த எண்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதை விடுங்கள், ஃபிபோனாச்சிக்கு முந்நூறு ஆண்டுகள் கழித்தும் யார் ஜெயித்தது என்று படம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அச்சும் மலிந்துவரும் காகிதமும் சேர்ந்த பிறகுதான் விஷயம் முடிந்தது.

முழுசாக முடியவும் இல்லை. இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்ற பெயர் வந்ததே மேசைமேல் விரித்த கட்டம் போட்ட கணக்குத் துணியால்தான், அதில் காய் நகர்த்தி வரிக் கணக்கு முடிப்பார்கள். ரசீது கொடுப்பது குச்சியில். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. வெட்டியதும் குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி, இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும், யாரும் ஏமாற்ற முடியாது. பணம் கொடுத்தவர் கையில் இருக்கும் நீளமான பாதிக்கு ஸ்டாக் என்று பெயர், பங்குச் சந்தைக்காரர்கள் அந்தச் சொல்லை இன்னும் விடவில்லை. நியூட்டன் பிறந்து வாழ்ந்து இறந்த பிறகும், நீராவி எஞ்சின் வந்த பிறகும் அந்த நாட்டின் கருவூலம் குச்சியை வெட்டிக்கொண்டிருந்தது. 1826-ல்தான் நிறுத்தினார்கள். சேர்ந்துபோன பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று, இரண்டு வண்டி பாரம், பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். காலையில் தொடங்கி நாள் முழுக்க எரித்தார்கள். புகைபோக்கிகள் சூடேறி, சாயங்காலம் கட்டடம் பற்றிக்கொண்டு, ராத்திரிக்குள் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் எரிந்துபோயின. பக்கத்தில் இருந்த பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பித்தது.